அளவறிந்த வாழ்வும் அளவிடப்பட்ட கூலியும்

தமிழ்ப்பள்ளி மாணவர்தம் கட்டுரை ஏடுகளில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தலைப்புகளுள் ஒன்று 'சிக்கனம்'. எறும்பு மழைக்காலத்திற்கு இரை சேர்க்கிறது. தேனீ துளித்துளியாய்த் தேனைச் சேர்க்கிறது. சிறு துளியே பெருவெள்ளம் ஆகிறது. சிறிது சிறிதாய்ச் சேர்ந்தது நாளடைவில் குன்றாகும் என்னும் மலாய் முதுமொழியும் உடன் வரும். சிக்கனமாய் வாழ்வோர்க்கு வறுமை வாராது என்னும் உறுதிமொழியோடு கட்டுரை முடியும். இத்தகைய கட்டுரைகளைத் திருத்தாத தமிழாசிரியர் இந்நாட்டில் இரார்.

கட்டுரையில் மொழிப்பிழை இல்லை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும் அதனை எழுதிய சிறுவன் எத்தகைய வீட்டிலிருந்து வருகிறான் என்பதை ஆசிரியர் பல வேளைகளில் அறிவார். மாதக் கடைசி வாரத்தில் கடையில் பற்று எழுதி அரிசி வாங்கும் வீடாக அது இருக்கலாம். சிக்கனமாய் வாழ்வோர்க்கு வறுமை வாராது என்று தன் கையாலேயே எழுதிய சிறுவன், தன் வீட்டிற்கு வறுமை வந்தமைக்குத் தன் பெற்றோரின் ஊதாரித்தனமே காரணம் என்று முடிவு கட்டினால், அம்முடிவுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

இவ்வறிவுரையைத் தமிழ் இலக்கியம் நமக்கு வழங்கியதா, அன்றி நாமே அதன்மேல் ஏற்றிக் கூறுகிறோமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. பழந்தமிழ் நூல்கள் சிலவற்றையும், மலேசிய சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகள் இப்பொருளைக் கையாண்ட முறையையும், இவ்விரு நாடுகளின் உழைக்கும் மக்கள் வரலாற்றையும் அருகருகே வைத்துக் காண்போமாயின் விடை கிடைக்கும்.

வள்ளுவர் வைத்த இடம்

சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதற்கண் நாடுவது திருக்குறளின் 478-ஆம் குறளையே. பொருள் வந்து சேரும் வழி சிறிதாயினும், அது வெளியேறும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது அதன் கருத்து. வகுப்பறையில் இக்குறள் இல்லத்தரசிக்கும் கூலித் தொழிலாளிக்கும் கூறப்பட்ட அறிவுரையாகவே கற்பிக்கப்படுகிறது.

ஆனால் இக்குறள் அமைந்துள்ள இடம் யாது? பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில், 'வலியறிதல்' என்னும் 48-ஆம் அதிகாரத்தில் அது நிற்கிறது. வினையின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவர் வலிமை ஆகியவற்றைத் தூக்கிப் பார்த்துச் செயல்படுமாறு அரசனுக்குக் கூறும் அதிகாரம் அது. மயிலிறகையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் புகழ்பெற்ற உவமையும் இங்கேதான் வருகிறது. அவ்வதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் பொருளின் அளவைப் பற்றியவை. கொடுப்பதற்கும் அளவு உண்டு. வாழ்வதற்கும் அளவு உண்டு. பிறர்க்கு உதவுவதிலும் தன் இருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. கையில் பொருளும் அதனைச் செலவிடும் உரிமையும் உள்ளவனை நோக்கியே இவ்வறிவுரை பேசுகிறது என்பது தெளிவு.

இனி, பொருளற்றவனைப் பற்றி வள்ளுவர் பேசும் இடத்திற்குச் செல்வோம். 'நல்குரவு' என்னும் 105-ஆம் அதிகாரத்தில் பத்துக் குறள்கள் உள்ளன. வறுமையைப் போலத் துன்பம் தருவது வறுமையே என்கிறார். நெருப்பினுள்ளும் உறங்கலாம், வறுமையில் கண்மூடல் அரிது என்கிறார். நற்கருத்தைத் தெளிவாய் உணர்ந்து சொன்னாலும் வறியவன் சொல் எடுபடாது என்கிறார். இப்பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் 'செலவைச் சுருக்கி வாழ்க' என்னும் அறிவுரை இல்லை. அதற்கடுத்து 'இரவு' என்றும், அதனை அடுத்து 'இரவச்சம்' என்றும் அதிகாரங்கள் வருகின்றன. இரவச்சத்தில், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் இவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சினக்கிறார். வறியவனிடம் கணக்குக் கேளாத வள்ளுவர், அவனை அந்நிலையில் வைத்தவனிடமே கணக்குக் கேட்கிறார்.

இவ்வைப்புமுறை ஆழ்ந்து எண்ணத்தக்கது. பொருள் உள்ளவனிடம் 'அளவறிக' என்றும், பொருள் இல்லாதவனைக் கண்டபோது உலக அமைப்பைச் சினந்தும் பேசிய நூலை நாம் இடம் மாற்றி வைத்துவிட்டோம். அரசவைக்கு உரிய குறளை எடுத்துக் கூலிக்காரனின் வாசற்படியில் எழுதினோம். 'வரும் வழி சிறிதாயினும்' என்றுதானே வள்ளுவர் கூறுகிறார், அது ஏழைக்கும் பொருந்துமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். பொருந்தும், ஆனால் ஓர் எல்லை வரையில்தான். போகும் வழியை அடைக்கலாம் என்றால், அடைக்கத்தக்க செலவு ஏதேனும் இருத்தல் வேண்டும். அரிசியும் உப்பும் விளக்கெண்ணெயும் மட்டுமே செலவாக உள்ள வீட்டில், போகும் வழியை அடைப்பது பசித்த வாயை அடைப்பதாகவே முடியும்.

இன்னொரு வேறுபாட்டையும் வள்ளுவர் கூர்மையாகக் காட்டுகிறார். செய்ய வேண்டியவற்றிற்குச் செலவிடாமல் பொருளை இறுக்கிப் பிடிக்கும் தன்மையை 'இவறன்மை' என்று பெயரிட்டுக் 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில் கடிகிறார். மற்றக் குற்றங்களோடு சேர்த்து எண்ணவும் தகாத தனிப்பெருங் குற்றம் அது என்பது அவர் கருத்து. ஆகவே அளவறிதல், இவறல், இல்லாமை என மூன்று நிலைகள் குறளில் மூன்று இடங்களில் தனித்தனியே நிற்கின்றன. நம் பள்ளிக் கட்டுரைகள் மூன்றையும் ஒரே பானையில் இட்டுக் கிளறிவிடுகின்றன.

மனைவி ஏற்ற சுமை

அளவறிந்து வாழும் பொறுப்பைக் குடும்பத்திற்குள் வள்ளுவர் கொணரும் இடம் ஒன்று உண்டு. 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரத்தின் முதற்குறள் மனைவியை 'வளத்தக்காள்' என்கிறது. கணவனின் வருவாய்க்குத் தக்க வாழ்க்கையை உடையவள் என்று பரிமேலழகர் பொருள் கூறுவார். முதலை அறிந்து அதற்கேற்பச் செலவிடுதலை அவர் அதன் விளக்கமாகத் தருவார். வீட்டுச் சிக்கனம் பெண்ணின் கடமை என்னும் எண்ணம் நம்மிடம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்று.

சங்க இலக்கியம் இப்பெண்ணை இருவேறு நிலைகளில் காட்டுகிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், நாள்பட்ட பசியால் வாடும் பாணர் குடும்பத்துப் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். அறியாதோர் பார்த்துவிடக் கூடாதே என நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு அதனைப் பகிர்ந்து உண்கிறாள். இல்லாமையின் நடுவிலும் கீரையைக் கண்டறியும் அறிவும், பங்கிடும் நேர்மையும், நாணமும் ஒருங்கே அமைந்த காட்சி இது. இதனை வறுமையின் சித்திரம் என்று மட்டும் கற்பித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எக்கீரை உண்ணத்தக்கது என்று அவள் அறிந்திருந்தமையால்தான் அச்சுற்றம் அன்று உண்டது.

புறநானூற்றின் 163-ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். முதிரமலைத் தலைவன் குமணன் அளித்த பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பிய புலவர், உன்னை விரும்பியவர்க்கும் நீ விரும்பியவர்க்கும் சுற்றத்தார்க்கும் கொடு. என்னைக் கேட்க வேண்டா. சேமித்து வைத்து நன்றாக வாழலாம் என்றும் எண்ண வேண்டா. எல்லோர்க்கும் கொடு என்கிறார். சிக்கனத்திற்கு நேர் எதிரான பாடல்போலத் தோன்றும் இது, பெறுவோர் பட்டியலில் ஒரு வகையினரைச் சிறப்பாகச் சேர்க்கிறது. நம் நெடும்பசி தீரக் 'குறியெதிர்ப்பை' தந்தவர்க்கும் கொடு என்பதே அது. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கிய பொருளை அதே அளவில் திருப்பித் தருதல். அண்டை வீட்டில் ஓர் அளவை அரிசி வாங்கி, கூலி வந்ததும் அதே அளவையால் திருப்பி அளக்கும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இருந்தது. அப்பெண் தனியாகச் சிக்கனம் செய்து குடும்பத்தைக் காக்கவில்லை. அயலார் பலர் சேர்ந்து அக்குடும்பத்தைத் தாங்கினர். புலவர் அதனை மறவாதிருந்தார்.

இந்தச் சொல் இந்நாட்டுத் தோட்டங்களில் வழங்கவில்லையாயினும் இதன் பொருள் வழங்கியது. காலியான பால் டின்னே லயத்து வீடுகளில் அரிசிக்கு அளவை. அடுத்த வீட்டில் ஒரு டின் அரிசி வாங்கினால், சம்பள நாளில் ஒரு டின் அரிசி திரும்பிச் செல்லும். வட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை.

தோட்டக் கதைகளின் வாய்பாடு

நம் நாட்டுத் தோட்டப்புறச் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஒரு வாய்பாடு நன்கு பழகியிருக்கும். கணவன் கூலிப் பணத்தைக் கள்ளுக்கடையில் தொலைக்கிறான். மனைவி பொழுது விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்கிறாள். மாலையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறாள். உலையில் இடுவதற்கு முன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கிறாள். தான் கடைசியாகக் கஞ்சித்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறாள். இறுதியில் மகன் படித்து ஆளாகிறான், அல்லது தாய் நோயுற்று இறக்கிறாள், கணவன் திருந்துகிறான்.

இக்கதைகள் பொய்யல்ல. கள் தோட்டக் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் ஒரே வாய்பாடு மீண்டும் மீண்டும் எழுதப்படும்போது அதற்குள் ஒரு கருத்து மறைந்து நின்று ஆட்சி செய்கிறது. குடும்பத்தின் கேடு கணவனின் குடியால் வந்தது. அதன் உய்வு மனைவியின் சிக்கனத்தால் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே கூலி என்னும் மூன்றாவது பொருள் காணாமற்போய்விடுகிறது.

அக்கூலியின் கணக்கைச் சற்று நோக்குவோம். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. 1930-இல் அக்கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு 40 காசும் 32 காசும் ஆயிற்று. இருவரும் உழைத்த குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 90 காசாக இருந்த வருவாய் 72 காசாகச் சுருங்கியது. வேலையே இல்லாமற்போன ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டுகளில் தோட்டத்துப் பெண் செய்த சிக்கனம் அவள் விரும்பித் தேர்ந்த ஒழுக்கமா? கூலியைக் குறைத்தவரின் கணக்கேட்டில் மிச்சமான 18 காசை, அவள் தன் அடுப்பங்கரையில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஆணைவிட அவளுக்குக் கூலி குறைவு; ஆனால் கடைக்காரர் அவளுக்கென்று அரிசி விலையைக் குறைத்துக் கொள்ளவில்லை.

சிக்கனத்தைப் போற்றும் கதை, கூலியைப் பற்றி வாய் திறவாதிருந்தால், தன்னை அறியாமலேயே கூலியைக் குறைத்தவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தமைக்கும் தோட்டத்து அடுப்பங்கரைக்கும் உள்ள தொடர்பை நம் கதைகளில் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதையை ஒப்பு நோக்கலாம். சென்னையில் வாழும் ஏழை எழுத்தாளர் முருகதாசரின் வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதே கதை. கடைப்பற்று, வீடு தேடி வரும் நண்பர், அவரிடம் சிறு தொகை கைமாற்றுக் கேட்க நேரும் நெருக்கடி ஆகியவற்றைக் கொண்டே கதை நகர்கிறது. மனைவி கமலம் தியாகச் சிலையாகவும் நிறுத்தப்படவில்லை. முருகதாசர் குடிகாரராகவும் காட்டப்படவில்லை. எவரும் திருந்த வேண்டிய தேவையும் இல்லை. அன்றைய நாள் கழிந்தது. அடுத்த நாளுக்கு வழியில்லை என்பதோடு கதை நிற்கிறது. குற்றவாளியைக் குடும்பத்திற்குள் தேடாமல் விட்டமையே அக்கதையின் வலிமை. படிப்பவர் உள்ளம் தானாகவே வீட்டிற்கு வெளியே சென்று காரணம் தேடுகிறது.

ஜப்பானியர் காலத்துச் சமையல் அறிவு

இந்நாட்டு மக்கள் அனைவரும் ஒருங்கே சிக்கனம் பயின்ற காலம் 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக்காலம். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசியை நம்பியே மலாயாவும் சிங்கப்பூரும் உண்டு வந்தன. போரினால் அவ்வரிசி வருவது அருகியது. பங்கீட்டு அரிசி சுருங்கிக்கொண்டே போயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் மூட்டை மூட்டையாய்ப் புழங்கின. அவற்றின் மதிப்போ நாளுக்கு நாள் தேய்ந்து, 1945-இல் ஜப்பானியர் சரணடைந்ததும் வெறும் தாளாயிற்று. பணத்தைச் சேர்த்து வைப்பதே சிக்கனம் என்று எண்ணியிருந்தோர் அக்காலத்தில் ஏமாந்தனர். மண்ணில் மரவள்ளிக் குச்சியை ஊன்றி வைத்தோர் பிழைத்தனர்.

இக்காலத்தைப் பாடிய, எழுதிய படைப்புகள் நம்மிடம் உள்ளன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டவர்களின் துயரை இலக்கியமாக்கின. ரெங்கசாமியின் 'புதியதோர் உலகம்' அக்காலத் தோட்ட மக்களின் வாழ்வைப் பேசுகிறது. இவை நம் இலக்கியத்தின் பெருமைக்குரிய நூல்கள். ஆயினும் பொதுவாக நோக்கினால், ஆண்கள் சென்ற தண்டவாளத்தின் கதை நம்மிடம் வளர்ந்த அளவிற்கு, பெண்கள் நின்ற அடுப்பங்கரையின் கதை வளரவில்லை.

அவ்வடுப்பங்கரையில் இருந்தது கண்ணீர் மட்டும் அன்று, பேரறிவும் இருந்தது. மரவள்ளியில் கசப்பு வகை நஞ்சுடையது. அதனைச் சீவி, ஊறவைத்து, நீரை வடித்து, நன்றாக வேகவைத்தால்தான் உண்ணலாம். அதன் கொழுந்து கீரையாகும். கிழங்கைத் துருவிக் காயவைத்து இடித்தால் மாவாகும். சமையலுக்குச் சிவந்த செம்பனை எண்ணெய். உடுத்தச் சாக்குத் துணி. கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி உடலுக்கு வேண்டிய சத்தனைத்தையும் தாராது என்பதால், முருங்கைக் கீரையையும் காட்டுக் கீரைகளையும் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த வீட்டில் பிள்ளைகள் ஓரளவு தேறினர். இவற்றை எந்த ஏட்டிலும் படித்து அறியாத தாய்மார், பார்த்தும் கேட்டும் செய்தும் அறிந்தனர். சிறுபாணாற்றுப்படையின் பெண் வேளைக் கீரையை அறிந்திருந்ததும் இத்தகைய அறிவே. இதனைத் 'துன்பம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும் இலக்கியம், அத்தாய்மாரின் உழைப்பைப் போற்றுவதுபோல் தோன்றினும் அவர்தம் மதிநுட்பத்தைக் காணத் தவறிவிடுகிறது.

சிக்கனம் உரிமையாகும் இடம்

சிக்கனத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அதற்கு ஒரு நிறைவான வடிவம் உண்டு. அதனை நம் வரலாறே காட்டியுள்ளது.

லயத்துப் பெண்கள் தமக்குள் நடத்திய 'கூட்டு' ஒரு சான்று. மாதந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுத்தொகையை எடுப்பர். ஒரு பசுவோ, மகளுக்கு ஒரு தோடோ, மகனின் பள்ளிச் செலவோ அதனால் நிறைவேறும். தனித்தனியே பிடியரிசியாக இருந்த சிக்கனம், பலர் கூடியபோது முதலாக மாறியது.

இதனினும் பெரிய சான்று 1960-இல் தோன்றியது. விடுதலைக்குப் பின் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையும் வீடும் இழந்து தொழிலாளர் தெருவில் நின்றனர். அந்நிலையில் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைப் பங்குதாரராகச் சேர்த்தனர். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் சேர்ந்தன. வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தவர், தாம் பால்வெட்டிய மண்ணில் பங்குடையவராயினர். எறும்பையும் தேனீயையும் எழுதும் நம் மாணவர், இதனை ஏன் எழுதவில்லை? நாம் கற்பிக்கவில்லை, அதனால் அவர்கள் எழுதவில்லை.

சட்டமும் இவ்வகையில் ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டது. மலாயாவில் 1951-இல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955-இல் மத்திய சேமநிதியும் ஏற்பட்டன. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். முதுமைக்குச் சேர்த்து வைப்பது உழைப்பவனின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. உழைப்பைப் பெறுவோருக்கும் அதில் கடமை உண்டு என்பதே இதன் உட்பொருள். நம் நீதிக்கட்டுரைகள் இன்னும் எட்டாத இடத்தைச் சட்டம் எட்டிவிட்டது.

அடைத்த கதவும் ஏற்றிய கொடியும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாட்கூலியை நம்பிய குடும்பங்கள் வீட்டுக்குள் முடங்கின. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில், உணவின்றித் தவிப்போர் தம் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டலாம். கண்டோர் உதவுவர் என்னும் இயக்கம் மக்களிடையே பரவியது. இனம், சமயம் பாராது பலர் உதவினர்.

சிறுபாணாற்றுப்படையின் பெண் கதவை அடைத்தாள். 2021-இன் தாய் கொடியை ஏற்றினாள். இரண்டையும் மாணவர்முன் அருகருகே வைத்துப் பேசலாம். கதவை அடைத்தவளின் நாணம் தன்மான உணர்வின் அடையாளம். ஆனால் கொடி ஏற்றியவளுக்குத் தன்மானம் இல்லை என்று எவரேனும் கூறுவாராயின், அவர் பெருஞ்சித்திரனாரின் குறியெதிர்ப்பையை மறந்தவர். இன்று வாங்குவோர் நாளை அளப்பர் என்னும் நம்பிக்கையே ஒரு குடியிருப்பைக் குடியிருப்பாக்குகிறது. சிக்கனத்தை மட்டுமே அறமாகக் கற்ற பிள்ளை, அக்கொடியைக் கண்டு நகைக்கக்கூடும். அளவறிதலையும் பகிர்தலையும் சேர்த்துக் கற்ற பிள்ளை, தன் வீட்டு அரிசிப்பானையைத் திறந்து பார்ப்பான்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

மேற்கூறியவற்றிலிருந்து, சிக்கனத்தைப் பேசும் எந்தக் கதையையும் கட்டுரையையும் திறனாயும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம் என்பது என் கருத்து.

முதலாவது: இச்சிக்கனத்தால் யாருடைய பங்கு குறைகிறது? குடும்பத்தார் அனைவரும் ஒப்பக் குறைத்துக்கொள்கிறார்களா, அன்றித் தாயின் தட்டு மட்டும் காலியாக உள்ளதா? தாயின் தட்டு மட்டும் காலியாக இருந்தால், ஆசிரியர் அதனைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு விலகுகிறாரா, அன்றி அதனை வினாவுக்கு உட்படுத்துகிறாரா?

இரண்டாவது: வரும் வழியைப் பற்றிக் கதை பேசுகிறதா? செலவை மட்டும் காட்டி வருவாயை மறைக்கும் கதை, பாதிக் கணக்கை மட்டும் எழுதிய ஏடு போன்றது.

மூன்றாவது: மிச்சமானது எதற்குப் பயன்பட்டது? புதைத்து வைத்த பானையாக முடிந்ததா, ஒரு பிள்ளையின் கல்வியாகவோ, ஒரு துண்டு நிலமாகவோ, அயலார்க்கு அளந்த அரிசியாகவோ மலர்ந்ததா? அளவறிதலுக்கும் இவறலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வினாவில்தான் வெளிப்படும்.

இம்மூன்று வினாக்களையும் ஆறாம் ஆண்டு மாணவனும் விளங்கிக்கொள்ள முடியும். கட்டுரைத் தலைப்பைச் சற்றே மாற்றினால் போதும். 'சிக்கனம்' என்று எழுதச் சொல்வதற்கு மாறாக, 'எங்கள் வீட்டில் கடினமான காலத்தைக் கடந்த வகை' என்று எழுதச் சொல்லலாம். எறும்பு தானாகவே விடைபெறும். பாட்டி உள்ளே வருவார். ஜப்பானியர் காலத்தில் சிறுவராய் இருந்தோர் இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்தவர். 1985-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவையும், 1997-இல் ரிங்கிட் மதிப்பு வீழ்ந்ததையும் நினைவில் வைத்திருப்போர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் எதைக் குறைத்தார்கள், எதைக் குறைக்க மறுத்தார்கள், யாரிடம் வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதும் மாணவன், தமிழ்க் கட்டுரையோடு தன் குடும்ப வரலாற்றையும் எழுதியவன் ஆவான்.

எழுத்தாளர்க்கும் இதில் பணி உண்டு. கண்ணீரும் அறிவுரையும் போதிய அளவு எழுதியாயிற்று. இனி அவ்வடுப்பங்கரையின் கணக்கை எழுத வேண்டும். எத்தனை காசு வந்தது, எத்தனை டின் அரிசி வாங்கியது, அதில் எத்தனை பிடி பானைக்குள் சென்றது என்று எண்ணத் தெரிந்த எழுத்தாளன், அக்கூலியை அளந்தவனையும் எண்ணாமல் விடமாட்டான். அளவறிந்து வாழ்ந்த நம் தாய்மார்க்கு இலக்கியம் செலுத்த வேண்டிய குறியெதிர்ப்பை அதுவே.